முள்ளைக் கண்டோம், உள்ளைக் கண்டோமா?

பாடசாலைக் கண்காட்சி எதுவென்றாலும் சுகாதாரப் பகுதியில் ஒரு ரெஜிபோம் பந்து தொங்கும். சிவப்பு நிறம் பூசி, சுற்றிவரக் குண்டூசிகள் குத்தி, கீழே “கொரோனா வைரசு” என்று எழுதியிருப்பார்கள். பத்திரிகைப் படங்களிலும், முகக்கவசம் அணியச் சொன்ன சுவரொட்டிகளிலும், தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் சுழன்ற உருவத்திலும் நாம் கண்டது இதே முட்பந்துதான். அதில் பிழை இல்லை. வைரசின் வெளித்தோற்றம் ஏறக்குறைய அப்படித்தான். எனக்குள்ள குறை வேறு. அந்தப் பந்துக்குள் ஒன்றும் இல்லை. வெட்டிப் பார்த்தால் வெள்ளை ரெஜிபோம் மட்டும்தான்.

கொரோனா என்ற பெயரே வெளித்தோற்றத்துக்கு வைத்த பெயர்தான். ஜூன் அல்மேதா என்ற பெண்மணியை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு பஸ் சாரதியின் மகளாகப் பிறந்து, மேலே படிக்க வசதியில்லாமல் 16 வயதில் பாடசாலையை விட்டு, ஆய்வுகூட உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தவர். 1960களில் இலண்டனில் உள்ள வைத்தியசாலை ஒன்றில் இருந்தபடி, மனிதரைத் தொற்றும் இந்த வகை வைரசை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் முதன்முதலில் படம்பிடித்தவர் அவர்தான். சுற்றிவர இருந்த முட்கள் ஒளிவட்டம்போலத் தெரிந்தன. 1968இல் அவரும் உடனிருந்த விஞ்ஞானிகளும் சேர்ந்து கிரீடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை இந்தக் குடும்பத்துக்குச் சூட்டினார்கள். அன்றைய கருவிக்குத் தெளிவாகத் தெரிந்தது வெளிப்புறம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கொவிட் காலத்தில் ஒருவரை வீட்டுக்குள் இருத்தியதும், இன்னொருவரை வகுப்புக்கு வரவிட்டதும், ஒரு மய்யித்தை எப்படி அனுப்புவது என்று தீர்மானிக்கக் காரணமாகக் காட்டப்பட்டதும் அந்த முள் அல்ல. பெரும்பாலும் அது உள்ளே இருந்த ஒரு புரதமும், அந்தப் புரதம் சுற்றிவைத்திருந்த ஆர்.என்.ஏ.யும்தான். அதை அறியாமல் அந்த இரண்டு வருடங்களை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

அந்தப் புரதத்தின் முழுப்பெயர் நியூக்கிளியோகப்சிட் புரதம். வாய்க்குள் நுழையாத பெயர் என்பதால் விஞ்ஞானிகளும் அதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் சொல்வார்கள். அதைத் தமிழில் எழுதினால் ‘என் புரதம்’ என்று வந்துவிடுகிறது. “யாருடைய புரதம்?” என்று என் தங்கை கேட்டாள். கேட்டது நல்ல கேள்விதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வைரசின் உடலைக் கட்டுவதற்கு நான்கு வகைப் புரதங்கள் இருக்கின்றன. மூன்று வகை வெளியே உள்ள கொழுப்பு மென்சவ்வில் பதிந்திருக்கின்றன. முள் அவற்றில் ஒன்று. நான்காவதான ‘என்’ மட்டும் மென்சவ்வுக்கு உள்ளே, ஆர்.என்.ஏ.யோடு இருக்கிறது. அதன் முதல் வேலை சுற்றிக் கட்டுவது. சாதாரண வேலைபோலத் தோன்றும். அளவைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

வைரசின் குறுக்களவு ஏறத்தாழ 100 நனோமீற்றர். அதன் ஆர்.என்.ஏ. இழையில் ஏறத்தாழ 30,000 எழுத்துகள். அந்த இழையை இழுத்து நீட்டினால் கிட்டத்தட்ட 10,000 நனோமீற்றர், அதாவது வைரசின் குறுக்களவைப்போல் நூறு மடங்கு. நாம் விளையாடும் வலைப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு 22 சென்ரிமீற்றர் அளவில் வரும். வைரசு அந்தப் பந்தாக இருந்தால், உள்ளே வைக்க வேண்டிய கயிற்றின் நீளம் 22 மீற்றர். கயிற்றின் தடிப்பு இரண்டு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இடம் போதாது என்பதல்ல பிரச்சினை. 22 மீற்றர் கயிற்றைப் பந்துக்குள் திணிக்க இடம் தாராளமாக இருக்கிறது. முதற் பிரச்சினை, ஆர்.என்.ஏ. முழுவதும் மறையேற்றம் கொண்டது. ஒரு பகுதி மற்றப் பகுதியைத் தள்ளும். அடுத்தது, திணித்ததைச் சிக்கில்லாமல் திரும்ப அவிழ்க்கவும் வேண்டும். வைரசு அடுத்த கலத்துக்குள் நுழைந்தவுடன் இறைபோசோம்கள் அந்த இழையை வாசிக்கத் தொடங்க வேண்டுமே! தையல் பெட்டிக்குள் நூலை அள்ளிப்போட்டவர்களுக்கு இது விளங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை தெரிவு. தொற்றிய கலத்துக்குள் கலத்தின் சொந்த ஆர்.என்.ஏ.க்கள் ஆயிரக்கணக்கில் மிதக்கின்றன. அவற்றுக்கு நடுவே வைரசின் முழு இழையை மட்டும் தேடிப் பிடித்துக் கட்ட வேண்டும்.

‘என்’ புரதத்தின் மேற்பரப்பில் நேரேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் நிறைய உண்டு. ஆகவே மறையேற்றமுள்ள ஆர்.என்.ஏ. அதோடு ஒட்டிக்கொள்ளும். 2020இல் ஜேர்மனியின் ஹைடெல்பர்க் நகர ஆய்வாளர்கள், தொற்றிய கலங்களை உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் முப்பரிமாணமாகப் பார்த்தார்கள். ஒரு வைரசுக்குள் சராசரியாக 38 சிறு உருண்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் 15 நனோமீற்றர் அளவு. ஆர்.என்.ஏ. இழை அவற்றினூடே கோத்தபடி ஓடுகிறது. அவர்கள் இதை நூலில் கோத்த மணிகளுக்கு ஒப்பிட்டார்கள். நமக்குத் தஸ்பீஹ் மாலை என்றால் உடனே விளங்கும். 30,000 எழுத்துகளை 38ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 800 எழுத்துகள் அளவில் வரும். ஒரு மணிக்குள் 12 ‘என்’ புரதங்கள் இருக்கலாம் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வைரசுக்குள் பல நூறு என்று கணக்காகிறது. முட்களோ சில பத்துதான். நம் கண்காட்சிப் பந்து எதை விட்டுவிட்டது என்று இப்போது தெரிகிறதா?

இனி அதன் உருவம். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

‘என்’ 419 அமினோ அமிலங்களால் ஆனது. அதில் இரண்டு பகுதிகள் ஒழுங்காக மடிந்து, திட்டமான உருவத்தோடு இருக்கின்றன. முன்பக்கப் பகுதி ஆர்.என்.ஏ.யைப் பிடிக்கும் கை. பின்பக்கப் பகுதி இன்னொரு ‘என்’ புரதத்தின் பின்பக்கத்தோடு கோத்துக்கொள்ளும். ஆகவே இவை எப்போதும் சோடியாகவே நடமாடும். இந்தப் பின்பகுதியும் ஆர்.என்.ஏ.யைப் பிடிக்கும். இரண்டு பகுதிகளின் உருவத்தையும் பளிங்காக்கிப் படமெடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது முனைகள் இரண்டும், நடுவில் உள்ள இணைப்பும். மொத்தப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு இந்த மிச்சத்தில் அடங்கும். அதற்கென்று ஒரு நிலையான உருவமே கிடையாது. காற்றில் ஆடும் நாடாபோல அசைந்துகொண்டே இருக்கும். முழுப் புரதத்துக்கும் ஒரே படத்தை எவராலும் தர முடியாததற்குக் காரணம் இதுதான்.

புரதத்தின் தொழிலை அதன் உருவம் தீர்மானிக்கிறது என்று நாம் படிக்கிறோம். நொதியத்துக்குப் பூட்டும் திறப்பும் உவமை சொல்லி, அதை எழுதிப் புள்ளியும் வாங்குகிறோம். உவமை பொய்யல்ல. ஆனால் ‘என்’ புரதத்துக்கு உருவமில்லாத பகுதியும் தொழில் செய்கிறது. அந்த நாடா அசைவதால்தான் இரண்டு கைகளும் வளைந்து நெளிந்து ஆர்.என்.ஏ. எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பிடிக்க முடிகிறது. ஆர்.என்.ஏ.யும் ‘என்’ புரதமும் சேர்ந்தால், ஆணத்தின் மேல் எண்ணெய்த்துளிகள் ஒன்றுகூடுவதுபோலக் கலத்தின் திரவத்திலிருந்து பிரிந்து தனித் துளிகளாகக் கூடுகின்றன. 2020இல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள் இதைக் கண்டன. திறப்பு உவமை மட்டும் படித்த ஒரு மாணவிக்கு இது புத்தம் புதிய செய்தி.

நடு இணைப்பில் செரின், ஆர்ஜினின் என்ற இரு அமினோ அமிலங்கள் மாறி மாறி நிறைந்த ஒரு துண்டு உண்டு. நம் கலத்தின் சொந்த நொதியங்கள் அந்தச் செரின்களில் பொசுபேற்றுக் கூட்டங்களை ஒட்டிவிடுகின்றன. பொசுபேற்று மறையேற்றம் கொண்டது. அது ஒட்டினால் ‘என்’ புரதத்தின் பிடி தளர்ந்து, துளிகள் நீர்போல இளகிவிடும். அந்த நிலையில் அது வைரசின் ஆர்.என்.ஏ.யைப் படியெடுக்கும் வேலைக்கு உதவுகிறது. பொசுபேற்று இல்லாவிட்டால் துளி கூழாக இறுகி, கட்டும் வேலை நடக்கிறது. தொற்றின் தொடக்கத்தில் படியெடுப்பது, முடிவில் மூட்டை கட்டுவது என்று ஒரே புரதம் இரண்டு வேலை பார்க்கிறது. வேலையை மாற்றிக்கொடுக்கும் பொத்தான் நம்முடைய நொதியத்தின் கையில். கட்டிய மூட்டையை மென்சவ்வில் உள்ள இன்னொரு புரதம் உள்ளிருந்து பிடித்து இழுத்து வைரசுக்குள் சேர்த்துவிடும். இதனால்தான் தங்கையின் கேள்வி நல்ல கேள்வி என்றேன். நம் இறைபோசோம் கட்டி, நம் அமினோ அமிலத்தில் செய்து, நம் நொதியம் முறுக்கிவிடும் புரதம் அது. கட்டளை மட்டும்தான் வைரசுடையது.

திரிபுகள் வந்தபோது எல்லோரும் முள்ளில் ஏற்பட்ட விகாரங்களையே எண்ணினார்கள். அதே நடு இணைப்பில் 203ஆம் இடத்திலும் அதையடுத்தும் டெல்டா, ஒமிக்ரோன் ஆகியவற்றில் விகாரங்கள் இருந்தன. ஜெனிபர் டவுட்னாவின் குழு 2021இல் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தது. 2020ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசை இன்னொரு பெண் விஞ்ஞானியோடு பகிர்ந்துகொண்டாரே, அதே டவுட்னா. நோயை உண்டாக்காத போலி வைரசுகளைச் செய்து, ‘என்’ புரதத்தின் அந்த இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். மூட்டை கட்டும் திறன் பல மடங்கு கூடிற்று. முள்ளில் கை வைக்கவே இல்லை.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன். என் வாதத்தின் முக்கிய பகுதி இங்கேதான்.

அன்டிஜன் பரிசோதனை நம்மில் எல்லோருக்கும் தெரியும். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு, சிறு குழாயில் உள்ள திரவத்தில் அதைக் கலக்கி, சில துளிகளைப் பட்டையில் விடுவார்கள். இரண்டு கோடு வந்தால் தொற்று. அந்த இரண்டாவது கோடு எதைப் பிடிக்கிறது? பெரும்பாலான பட்டைகளில் அது ‘என்’ புரதத்தைப் பிடிக்கிறது. பட்டையில் நிறமேற்றிய பிறபொருளெதிரிகள் இருக்கும். திரவம் ஓடும்போது அவை ‘என்’ புரதத்தோடு ஒட்டி, கோட்டில் உள்ள மற்றப் பிறபொருளெதிரிகளிடம் மாட்டிக்கொள்ளும். முள்ளை விட்டு ‘என்’ புரதத்தைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. அது எண்ணிக்கையில் மிக அதிகம். முள்ளைப்போல அடிக்கடி மாறுவதும் இல்லை. பி.சி.ஆர். பரிசோதனைகளிலும் பல, ‘என்’ புரதத்துக்கான எழுத்துகள் உள்ள ஆர்.என்.ஏ. துண்டைத்தான் தேடின.

உள்ளே ஒளிந்திருக்கும் புரதம் எப்படிப் பட்டைக்கு வந்தது என்று யோசித்தீர்களா? அந்தக் குழாயில் உள்ள திரவத்தில் சவர்க்காரம் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. அது கொழுப்பு மென்சவ்வைக் கரைத்து வைரசை உடைத்துவிடும். உடைந்தால்தான் ‘என்’ வெளியே வரும். பி.சி.ஆர். செய்யும்போதும் முதலில் வைரசை உடைத்து ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆகவே இரண்டு பரிசோதனைகளும் காண்பது உடைந்த வைரசைத்தான். உடைப்பதற்கு முன்னரே அது உடைந்து கிடந்ததா, ஒருவரைத் தொற்றும் நிலையில் முழுதாக இருந்ததா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. சுகவீனம் தொடங்கிய நாட்களில் ‘என்’ நிறைய இருந்தால் முழு வைரசும் நிறைய இருக்கும் என்று ஊகிப்பது நியாயம். உயிரோடு இருமும் ஆளுக்கு அந்த ஊகம் நல்ல காவல். ஆனால் அது ஊகம்.

தென் கொரியாவில் இதை நாடே பார்த்தது. 2020இல் குணமாகி வீடு சென்ற சிலருக்கு பி.சி.ஆர். மீண்டும் தொற்று என்று காட்டியது. பீதி ஏற்பட்டது. அவர்களின் சுகாதார அதிகாரிகள் 285 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 108 பேரின் மாதிரிகளை உயிருள்ள கலங்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்றில்கூட வைரசு வளரவில்லை. பரிசோதனை கண்டது மிச்சத் துண்டுகளை. சந்தேகம் வந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள், அதற்கான சோதனையைச் செய்தார்கள், மக்களுக்குச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

நம் நாட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2020 ஏப்பிரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட் தொற்றோடு இறந்தோர் அனைவரையும் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. இறந்தவரைப் புதைக்கவோ எரிக்கவோ செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. நம் ஜனாஸாக்கள் எரிந்தன. பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டபோது, பொரளை மயானத்து வாயிலில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கட்டியவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள் அல்லர். நல்லடக்கத்தை விரும்பும் கிறிஸ்தவக் குடும்பங்களையும் அந்த உத்தரவு விடவில்லை. உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் முதலாம் திகதி மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய வர்த்தமானி இடம்கொடுத்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கங்கள் தொடங்கின.

எரிக்கச் சொன்னதற்குக் கூறப்பட்ட காரணம் நிலத்தடி நீர். புதைத்தால் வைரசு மண்ணூடாக நீரில் கலந்துவிடும் என்றார்கள். இந்தக் காரணத்தை மார்க்கத்தைக் கொண்டு மறுத்தவர்கள் நம்மில் பலர். அது நம் உரிமை, நானும் மறுத்தேன். ஆனால் அந்தக் கூற்று விஞ்ஞானத்தின் மொழியில் வந்தது. அதற்கு விஞ்ஞானத்தின் மொழியிலேயே பதில் இருந்தது. அந்தப் பதில் பெருமளவுக்கு ‘என்’ புரதத்தின் உருவத்திலேயே இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கப்சிட் என்ற சொல்லுக்குப் புரதக் கவசம் என்று பொருள். போலியோ வைரசை எடுங்கள். அதற்குக் கொழுப்பு மென்சவ்வு இல்லை. அதன் வெளிப்புறமே கப்சிட், இறுகப் பொருத்திய புரதத் துண்டுகளால் ஆன ஓடு. அந்த ஓடு இரைப்பையின் அமிலத்தைத் தாங்கும், அழுக்கு நீரிலும் நின்றுபிடிக்கும். போலியோவும் ஈரலழற்சி ஏ வைரசும் நீரால் பரவுவது இதனால்தான். கொரோனாவுக்கும் கப்சிட் என்று பெயரில் இருக்கிறது. ஆனால் அது ஓடு அல்ல. மேலே சொன்னேனே, அந்த மணி மாலைதான். பாதி அசையும் நாடாக்களால் ஆனது, உள்ளே இருப்பது, அவிழ்வதற்காகவே கட்டியது. வைரசைக் காத்து நிற்பது வெளியே உள்ள கொழுப்பு மென்சவ்வு மட்டும். அது சவர்க்காரத்துக்குக் கரையும் மென்சவ்வு. நாம் 20 விநாடி கை கழுவியது எதற்காக? மென்சவ்வு போனால் முள்ளும் போய்விடும். முள் இல்லாத மணி மாலைக்குக் கலத்துக்குள் நுழைய வழி இல்லை. வெளியே கிடக்கும் ஆர்.என்.ஏ.யை மண்ணில் உள்ள நுண்ணங்கிகளின் நொதியங்கள் சிதைத்துவிடும்.

நியாயமாகவும் பேச வேண்டும். இறந்த உடலில் தொற்றக்கூடிய வைரசு சில நாட்களுக்கு இருக்கலாம். குளிப்பாட்டுவோருக்கும் சுமப்போருக்கும் கையுறையும் கவசமும் கட்டாயம் வேண்டும். உடலைப் பையிலிட்டு மூடியதும், ஆட்களைக் குறைத்ததும், ஆழமாகக் குழி தோண்டச் சொன்னதும் நியாயமான காவல்தான். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆறடிக்குக் கீழே, உயிருள்ள கலம் எதுவும் எஞ்சாத இடத்தில், புதிதாக ஒரு வைரசும் பிறக்காமல், கொழுப்பு மென்சவ்வை மட்டும் நம்பி, மண்ணை வடிகட்டிக்கொண்டு கிணற்றுக்கு அது போய்ச் சேரும் என்பதுதான் முறைப்பாடு. இன்னொன்றையும் யாரும் கேட்கவில்லை. நோயாளிகளின் மலத்திலும் வைரசின் ஆர்.என்.ஏ. இருந்தது, பல நாடுகள் கழிவுநீரில் அதை அளந்துதான் தொற்றுப் பரவலைக் கணித்தன. அப்படியென்றால் உயிரோடு வீட்டில் தனிமைப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் மலசலகூடக் குழிகள்தானே நிலத்தடி நீருக்கு முதற் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும்? அவற்றைப் பற்றி வர்த்தமானி எதுவும் வரவில்லை.

“அது அரசியல் முடிவு. புரதம் தெரிந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?” என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். முடிவெடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். நம் நாட்டு மருத்துவர்களும் நுண்ணுயிரியலாளர்களும் புதைப்பதில் ஆபத்தில்லை என்று அப்போதே எடுத்துச் சொன்னார்கள். கேட்கப்படவில்லை. ஆகவே அவள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த இலட்சக்கணக்கானோரை நினைக்கிறேன். நம் பக்கத்து வீட்டுச் சிங்கள மாமி, தமிழ் ரீச்சர், நாமும்தான். “நீருக்குள் வைரசு வரும்” என்று ஒருவர் கோட்டும் ரையும் அணிந்து சொன்னபோது, “எந்த நிலையில் வரும்? முழுதாகவா, துண்டாகவா?” என்று கேட்க நம் எவரிடமும் சொல் இருக்கவில்லை. முட்பந்தை மட்டும் கண்டவருக்கு வைரசு என்பது ஒரு விதை. எங்கே விழுந்தாலும் முளைக்கும். அந்த அச்சம் அந்தப் படத்தில் இருந்தே பிறக்கிறது. பக்கத்து வீட்டு மாமிக்கு நம்மேல் வெறுப்பு எதுவும் இருக்கவில்லை. அவருக்குத் தன் கிணற்றைப் பற்றிப் பயம் இருந்தது.

தடுப்பூசியைப் பற்றியும் இரண்டு வரி. உலகில் பல நாடுகளில் ஏற்றிய தடுப்பூசிகள் முள்ளை மட்டும் உடலுக்குக் காட்டின. ஆகவே ஒருவரின் இரத்தத்தில் ‘என்’ புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தால் அவருக்கு உண்மையில் தொற்று வந்துபோனது என்று அங்கே சொல்லிவிடலாம். நம் நாட்டில் பெரும்பாலானோருக்கு ஏற்றியது சினோபார்ம். அது செயலிழக்கச் செய்த முழு வைரசு, அதற்குள் ‘என்’ புரதமும் உண்டு. ஆகவே அந்தக் கணக்கு இங்கே செல்லாது. வெளிநாட்டு ஆய்வுகளை அப்படியே எடுத்து இங்கே பொருத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2003இல் சார்ஸ் நோய் வந்து குணமான 23 பேரை 17 வருடங்களுக்குப் பிறகு சோதித்தார்கள். அவர்களின் ரீ நிணநீர்க்குழியங்கள் அந்தப் பழைய வைரசின் ‘என்’ புரதத்தை மறக்கவில்லை. புதிய வைரசின் ‘என்’ புரதத்தையும் அடையாளம் கண்டன. இரண்டுக்கும் இடையே பத்தில் ஒன்பது பங்கு ஒற்றுமை. அதனால் ‘என்’ புரதத்தையும் சேர்த்துக் காட்டும் தடுப்பூசிகள் வேண்டும் என்று ஆய்வாளர்கள் சிலர் முயல்கிறார்கள். எனக்கு அது சரியான பாதையாகப் படுகிறது.

2024 யூலையில், கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கேட்பதாக அறிவித்தது. நான் அந்தச் செய்தியைக் குறைத்துப் பேச மாட்டேன். மன்னிப்புக் கேட்காத அரசுகள் உலகில் ஏராளம். ஆனால் அந்த நாளிலும் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் ஓடிய படம் அதே முட்பந்து. நீரால் பரவும் வைரசு எப்படி இருக்கும், இது ஏன் அப்படிப்பட்டது அல்ல என்று ஒரு நிமிடம் விளக்கியிருந்தால், பக்கத்து வீட்டு மாமியின் பயத்துக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும். மன்னிப்பு நமக்கு வந்தது. விளக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுக்க இந்தக் கல்லூரியின் உயிரியல் பிரிவில் இருக்கும் நம்மால் முடியும். சிங்களத்தில் எழுத ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் இடைவேளையில் உயர்தர ஆய்வுகூடத்துக்கு வாருங்கள்.